கடவுளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு குரு எதற்கு?

கரைதேடி:

பிறப்பால் கத்தோலிக்கன். சிறுவயதில் பீடத்தில் உதவி செய்தவன். பதினோரு வருடமாகப் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) செய்யவில்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வயதில், நெடுநாள் மனதை அரித்த ஒரு விஷயத்தைச் சொல்லப் போனேன். பாதியிலேயே குருவானவர் குரலை உயர்த்திவிட்டார். வெளியே வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. அந்த வரிசையில் என் அம்மாவும் நின்றார். அன்றைக்கு எழுந்து வந்தவன்தான்.

செபத்தை விடவில்லை. தினமும் இரவு படுக்கும் முன் செய்த தவறை நேராகக் கடவுளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன். மனம் லேசாகிறது. அப்புறம் ஏன் என்னைப் போலவே தவறு செய்யக்கூடிய இன்னொரு மனிதர் முன்னால் முழங்கால் போட வேண்டும்? பூசைக்கும் அவர், மன்னிப்புக்கும் அவர், சாகக் கிடப்பவருக்கு எண்ணெய் பூசவும் அவர். எல்லாக் கதவுக்கும் ஒருவரிடமே சாவி என்ற இந்த ஏற்பாடு இயேசு செய்ததா, பின்னால் வந்தவர்கள் செய்ததா? சண்டைக்காகக் கேட்கவில்லை. எனக்குப் பதில் தெரிந்தாக வேண்டும்.

எண்ணெய்விளக்கு:

தம்பி, உங்களுக்கு நடந்தது தவறு. அதற்கு எந்தச் சமாதானமும் சொல்லப்போவதில்லை. இருபது வருடமாக மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிறேன். குழந்தைகளை முதல் பாவசங்கீர்த்தனத்துக்குத் தயாரிக்கும்போதெல்லாம் நான் பயப்படுவது இதற்குத்தான். ஒரு கடுஞ்சொல் போதும், ஒரு ஆளை வாழ்நாள் முழுக்கத் துரத்திவிடும்.

இனி கேள்விக்கு வருகிறேன். உயிர்த்த ஆண்டவர் அன்று மாலையே பூட்டிய அறைக்குள் வந்து, சீடர்மேல் ஊதி, நீங்கள் எவருடைய பாவங்களை மன்னிப்பீர்களோ அவை மன்னிக்கப்படும், எவருடைய பாவங்களை மன்னியாதிருப்பீர்களோ அவை மன்னிக்கப்படா என்கிறார் (யோவான் 20). என்னவென்று கேட்காமல் எதை மன்னிப்பது, எதை நிறுத்திவைப்பது? சொல்வதும் கேட்பதும் அந்தக் கட்டளைக்குள்ளேயே இருக்கிறது.

உங்கள் இரவுச் செபம் வீண் என்று திருச்சபை சொல்லவில்லை. கடவுள்மேல் உள்ள அன்பினால் வரும் முழு மனத்துயர், சாவான பாவத்தைக்கூட மன்னிக்கச் செய்யும், கூடிய சீக்கிரம் ஒப்புரவு அருளடையாளத்துக்கு, அதாவது பாவசங்கீர்த்தனத்துக்கு, போகும் உறுதி அதில் இருந்தால் போதும் என்கிறது மறைக்கல்வி ஏடு (எண் 1452). ஆனாலும் கடவுள் ஆள் வழியாகவே தொட விரும்புகிறார். தமஸ்கு வழியில் பவுலுக்கு இயேசுவே தோன்றினார். அங்கேயே எல்லாவற்றையும் முடித்திருக்கலாமே? ஊருக்குள் போ என்று சொல்லி, அனனியா என்ற ஒருவரின் கையில் ஒப்படைத்தார்.

பெரேயாவாசி:

//அனனியா என்ற ஒருவரின் கையில் ஒப்படைத்தார்//

சகோதரரே, நல்ல உதாரணம், ஆனால் அது உங்களுக்கு எதிராகவே நிற்கிறது. அப்போஸ்தலர் 9:10 அனனியாவை "ஒரு சீஷன்" என்று மட்டும்தான் சொல்கிறது. பட்டம் பெற்ற குரு என்று இல்லை. ஒரு சாதாரண விசுவாசி பவுலின்மேல் கைவைத்தான்.

"தேவன் ஒருவரே, தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தரும் ஒருவரே" என்று 1 தீமோத்தேயு 2:5 சொல்கிறது. எபிரெயர் 10-ம் அதிகாரம் இயேசுவின் பலி ஒரேதரம் செலுத்தப்பட்டது என்கிறது. தினமும் பலி செலுத்திய ஆசாரியர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள், இவரோ முடித்துவிட்டு உட்கார்ந்தார். வேலை முடிந்தவர்தான் உட்காருவார்.

மொழியையும் பாருங்கள். பலி செலுத்தும் ஆசாரியனுக்குக் கிரேக்கத்தில் ஹியரெயுஸ். புதிய ஏற்பாட்டில் எந்தச் சபை ஊழியருக்கும் அந்தப் பெயர் இல்லை. இருப்பது பிரெஸ்புதெரொஸ், அதாவது மூப்பர். ஆசாரியர் என்பதை விசுவாசிகள் எல்லாரையும் சேர்த்துத்தான் பேதுரு சொல்கிறார்: ராஜரீகமான ஆசாரியக்கூட்டம்.

இன்றைய பாவசங்கீர்த்தன முறையும் ஆதிச்சபையில் இல்லை. பெரிய பாவங்களுக்குப் பகிரங்கமான, நீண்ட தவம் இருந்தது. ஞானஸ்நானத்துக்குப் பிறகு வாழ்நாளில் ஒரே தடவைதான். ஒரு குருவிடம் தனியாக, திரும்பத் திரும்பச் சொல்லும் பழக்கம் ஐரிஷ் துறவிகள் வழியாக ஏழாம் நூற்றாண்டு வாக்கில் பரவியது. வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் என்றது 1215-ல் நடந்த நான்காம் லாத்தரன் சங்கம். ஆகவே கரைதேடி கேட்டதற்கு நேரான பதில்: பின்னால் வந்தவர்கள் செய்தது.

எண்ணெய்விளக்கு:

அனனியா விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. அவர் சீடர் என்று மட்டுமே இருக்கிறது. கடவுள் ஒரு மனிதர் வழியாகச் செயல்பட்டார் என்ற அளவோடு அந்த உதாரணத்தை நிறுத்திக்கொள்கிறேன்.

வடிவம் மாறியதையும் மறுக்கவில்லை. ஐரிஷ் துறவிகளின் கதையை மறைக்கல்வி ஏடே சொல்கிறது. ஆனால் வடிவம் மாறியது என்பதும், அந்த அதிகாரமே பின்னால் கண்டுபிடிக்கப்பட்டது என்பதும் ஒன்றல்ல. பகிரங்கத் தவம் இருந்த காலத்திலும் அதை முடித்துவைத்து ஆளை மீண்டும் நற்கருணைக்கு (பூசையில் கிறிஸ்துவின் உடலாகப் பெறும் அப்பத்துக்கு) சேர்த்துக்கொண்டவர் ஆயர்தான், அதாவது பிஷப். அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியார் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கொல்லப்படுவதற்காக ரோமைக்குக் கொண்டுபோகப்படும் வழியில், சிமிர்னா சபைக்கு எழுதுகிறார்: ஆயரோ அவர் நியமித்தவரோ நிறைவேற்றும் நற்கருணையே உறுதியானது என்று. யோவான் நற்செய்தி எழுதப்பட்டு ஒரு தலைமுறைகூட ஆகாத காலம் அது.

ஹியரெயுஸ் பற்றிச் சொன்னதும் உண்மை. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு. கிறிஸ்து ஒருவரே உண்மையான குரு, மற்றவர்கள் அவருடைய பணியாளர்கள் மட்டுமே என்று சொன்னவர் தூய தாமஸ் அக்குவினாஸ். அதையே மறைக்கல்வி ஏடும் எடுத்துச் சொல்கிறது (எண் 1545). பூசையில் குருவானவர் "இது கிறிஸ்துவின் உடல்" என்று சொல்லி அப்பத்தை அர்ப்பணிப்பதில்லை. "இது என் உடல்" என்கிறார். அந்த "என்" அவருடையது இல்லை. அந்த நேரத்தில் அவருடைய வாய் வேறொருவருடைய வாய். நாங்கள் அவரைக் கடவுளுக்கும் மக்களுக்கும் நடுவில் நிறுத்துகிறோம் என்பீர்கள். இல்லை, கிறிஸ்து நிற்கும் இடத்தில் அவர் குரலும் கையும் கொடுக்கிறார். பலியும் புதிதாக இல்லை. அதே ஒரே பலிதான் நம் முன் வருகிறது.

எல்லாருக்கும் குருத்துவம் உண்டு என்பதை நாங்களும் அறிக்கையிடுகிறோம். திருமுழுக்கினால், அதாவது ஞானஸ்நானத்தினால், வரும் பொதுக் குருத்துவம் அது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏடு (எண் 10), பொதுக் குருத்துவமும் பணிக் குருத்துவமும் அளவில் மட்டுமல்ல, இயல்பிலேயே வேறானவை, ஆனால் ஒன்றையொன்று சார்ந்தவை என்கிறது. பேதுரு எடுத்தாளும் வார்த்தைகள் விடுதலைப் பயணம் 19-ல் இருந்து வருபவை. அங்கே இஸ்ரயேல் முழுவதுமே குருக்களின் அரசு. அதே மக்களுக்குள் ஆரோனும் குரு. எல்லாரும் தூயவர்தானே, நீங்கள் மட்டும் ஏன் உயர்த்திக்கொள்கிறீர்கள் என்று மோசேயையும் ஆரோனையும் எதிர்த்துக் கேட்டவன் கோராகு.

பெரேயாவாசி:

கோராகு பழைய உடன்படிக்கைக்குள் இருந்தவன். இயேசு மரித்தபோது தேவாலயத்தின் திரை மேலிருந்து கீழ்வரை இரண்டாகக் கிழிந்தது. கிழிந்த திரையைத் திரும்பத் தைக்க வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள். யாக்கோபு 5:16-ல் "ஒருவருக்கொருவர்" அறிக்கையிடச் சொல்லியிருக்கிறது.

எண்ணெய்விளக்கு:

அதற்கு இரண்டு வசனம் முன்னால் பாருங்கள். நோயுற்றவர் மூப்பர்களை அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி மன்றாடட்டும், அவர் பாவம் செய்திருந்தால் மன்னிப்புப் பெறுவார் என்று இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரை அழைக்கச் சொல்லவில்லை.

தெற்குஜன்னல்:

வசனப் போட்டிக்குள் நுழைய எனக்குத் திறமை போதாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஏழு வருடமாக நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும் பணியில் இருக்கிறேன். ஆயரின் அனுமதியோடு, குருப்பட்டம் பெறாத பொதுநிலையினருக்குக் கொடுக்கப்படும் பணி. கழுத்தில் தொங்கும் சின்னப் பையில் நற்கருணைச் சிமிழ். வழியில் யாரிடமும் பேச மாட்டேன். சேர்ந்து செபித்து, நற்கருணை கொடுத்து, கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எங்கள் பங்குத்தந்தையைவிட நான் அதிக வீடுகளுக்குப் போயிருப்பேன். அவருக்குக் கட்டட வேலை, கணக்கு, கூட்டம். குறை சொல்லவில்லை, அவரைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. குருப்பட்டம் வாங்கியது சிமெண்ட் கணக்குப் பார்க்கவா?

படுக்கையிலேயே நான்கு வருடம் கிடந்த ஒரு மூதாட்டி இருந்தார். ஒருநாள் நற்கருணையை வாங்காமல் வாயை மூடிக்கொண்டார். எனக்கு ஒரு பாவம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் வாங்க மாட்டேன் என்றார். சொல்லுங்கள் அம்மா, கேட்கிறேன் என்றேன். நீ கேட்பாய் மகளே, ஆனால் விடுவிக்க மாட்டாயே என்றார். சிமிழை மூடிக்கொண்டு திரும்பினேன். குருவானவர் வருவதற்கு ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. அவர் வந்து பத்து நிமிடம் உள்ளே இருந்தார். மறுநாள் நான் போனபோது அந்த முகம் வேறு முகம்.

நான் ஏழு வருடத்தில் கொடுக்க முடியாத ஒன்றை அவர் பத்து நிமிடத்தில் கொடுத்தார். அவர் என்னைவிட நல்லவர் என்பதால் இல்லை. ஆனால் அந்த ஒன்பது நாள் என்னை இன்னும் உறுத்துகிறது.

கரைதேடி:

அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். எனக்குத் தோன்றியது இதுதான்: அந்த அம்மாவின் மேல் அவரைவிட அதிக அன்பு வைத்திருந்தது நீங்கள். அப்படியிருக்க, உங்களால் ஏன் முடியாது?

நான் கேட்கத் தயங்கிய இன்னொன்றும் இருக்கிறது. 2004-ல் வெளியான ஜான் ஜே ஆய்வறிக்கை, அமெரிக்காவில் மட்டும் 1950 முதல் 2002 வரை சிறார்மீதான பாலியல் குற்றச்சாட்டுக்கு உள்ளான குருக்கள், திருத்தொண்டர்கள் (குருவுக்கு அடுத்த நிலையில் பட்டம் பெற்றவர்கள்) 4,392 பேர் என்று கணக்குச் சொன்னது. அப்படிப்பட்ட கை தூக்கிய அப்பமும் கிறிஸ்துவின் உடல்தான், அந்த வாய் சொன்ன மன்னிப்பும் மன்னிப்புதான் என்கிறீர்கள். இதை எப்படி ஏற்பது?

பாதிவழி:

ஆறு வருடம் குருமடத்தில் இருந்துவிட்டு வெளியே வந்தவன் நான். கோபித்துக்கொண்டு வரவில்லை. அந்த வாழ்க்கைக்கு எனக்கு அழைப்பில்லை என்று தெளிந்து வந்தேன். அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

கரைதேடியின் கேள்வி புதிதில்லை. நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்கத் திருச்சபையையே அது இரண்டாகப் பிளந்தது. ரோமைப் பேரரசர் தியோக்கிளேசியன் கிறிஸ்தவர்களை ஒடுக்கிய கலாபனையில் உயிருக்குப் பயந்து திருநூல்களை அதிகாரிகளிடம் கொடுத்துவிட்ட ஆயர்கள் இருந்தார்கள். காட்டிக்கொடுத்தவர் கையால் வந்த பட்டமும் திருமுழுக்கும் செல்லாது என்றார்கள் தொனாத்துக் குழுவினர். ஆயர் அகுஸ்தினார் அவர்களை எதிர்த்தார். பேதுரு திருமுழுக்குக் கொடுத்தாலும் கிறிஸ்துவே கொடுக்கிறார், யூதாசு கொடுத்தாலும் கிறிஸ்துவே கொடுக்கிறார் என்றார். அவர் காப்பாற்ற நினைத்தது கெட்ட குருவை இல்லை, அந்தக் குருவிடம் வந்து நின்ற விசுவாசியை. குருவின் தூய்மையைப் பொறுத்துத்தான் அருள் வரும் என்றால், எனக்குக் கிடைத்தது உண்மையா என்று யாருக்குமே தெரியாது. அவருடைய மனதுக்குள் யார் போய்ப் பார்ப்பது?

குருப்பட்டச் சடங்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பட்டம் பெறுபவர் முகம் குப்புறத் தரையில் கிடப்பார். புனிதர்களின் மன்றாட்டு முடிந்ததும் ஆயர் தலைமேல் இரண்டு கையையும் வைப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். அந்த மௌனமான கை வைத்தலும் தொடர்ந்து வரும் அர்ப்பண மன்றாட்டுமே பட்டத்தின் சாரம் என்று பன்னிரண்டாம் பயஸ் 1947-ல் தெளிவாக்கினார். கைகளில் பரிசுத்த எண்ணெய் பூசுவது அதற்குப் பிறகுதான். என் வகுப்புத் தோழர்கள் அப்படிக் கிடந்ததைப் பார்த்து அழுதிருக்கிறேன். ஒருவர் தானாக எடுத்துக்கொள்வது இல்லை அது, இன்னொருவர் கையிலிருந்து வருவது. அன்பு அதிகம் இருப்பதால் அந்த அக்காவால் அதைச் செய்ய முடியும் என்று சொல்ல முடியாததற்குக் காரணமும் அதுதான்.

ஆனால் குருமடத்தில் வேறொன்றும் பார்த்தேன். முதல் வருட மாணவன் நடந்து வந்தாலே வயதானவர்கள் எழுந்து நிற்பார்கள். இருபது வயதுப் பையனுக்கு அது பழகிவிடுகிறது. நான்காம் வருடத்தில் யாராவது எழுந்திருக்காவிட்டால் எனக்கே மனம் சுருங்கியது. இந்த நோய்க்குத் திருத்தந்தை பிரான்சிஸ் பெயர் வைத்தார்: குருத்துவ மேலாண்மைப் போக்கு. 2018 ஆகஸ்டில் இறைமக்களுக்கு எழுதிய கடிதத்தில், துன்புறுத்தலுக்கு இல்லை என்று சொல்வது இந்தப் போக்கின் எல்லா வடிவங்களுக்கும் இல்லை என்று சொல்வது என்றார்.

பெரேயாவாசி:

சகோதரர் பாதிவழி மனம் திறந்து எழுதியதற்கு நன்றி. ஆனால் நோய் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டாமா? ஒருவரை எடுத்து, உன் ஆத்துமாவில் அழியாத முத்திரை விழுந்துவிட்டது, நீ மற்றவர்களிடமிருந்து இயல்பிலேயே வேறுபட்டவன், நீ இல்லாமல் இவர்களுக்கு மன்னிப்பும் இல்லை அப்பமும் இல்லை என்று சொன்னால், அவர் தன்னை உயர்ந்தவராக நினைக்காமல் இருப்பாரா? பாதிக்கப்பட்ட பிள்ளைகள் பேசப் பயந்தது ஏன்? எதிரில் இருப்பவர் கிறிஸ்துவின் இடத்தில் நிற்பவர் என்று சொல்லிக்கொடுத்திருந்தீர்கள். கனி கெட்டிருந்தால் மரத்தைப் பார்க்கச் சொன்னவர் இயேசு.

எண்ணெய்விளக்கு:

இதற்குப் பதில் எழுதும் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பிள்ளைகள் பயந்தது உண்மை. அந்தப் பயத்துக்குப் பின்னால் பலர் ஒளிந்துகொண்டதும் உண்மை. என் திருச்சபை அவர்களுக்குச் செய்ததை எந்தக் கோட்பாடும் நியாயப்படுத்தாது.

ஆனால் அகுஸ்தினாரின் போதனை ஒளிந்துகொள்ளும் இடமாக எழுதப்படவில்லை. அருளடையாளம் செல்லும் என்றால் அந்த ஆள் பணியில் தொடரலாம் என்று பொருள் இல்லை. 2019-ல் ஒரு முன்னாள் கர்தினாலே குருத்துவ நிலையிலிருந்து நீக்கப்பட்டார். அதே வருடம், குற்றம் தெரிந்த குருக்களும் துறவியரும் கட்டாயம் புகார் செய்ய வேண்டும் என்று உலகம் முழுமைக்கும் சட்டம் வந்தது. முன்பே வந்திருக்க வேண்டும். பல பத்தாண்டுகள் முன்பே.

"உங்களுக்காக நான் ஆயர், உங்களோடு நான் கிறிஸ்தவன்" என்றார் அகுஸ்தினார். முதலாவது ஆபத்தின் பெயர், இரண்டாவது மீட்பின் பெயர் என்றும் சேர்த்துச் சொன்னார். பட்டம் என்பது அவருக்கு நடுக்கம் தந்த விஷயம். இந்த நடுக்கம் இல்லாத குருத்துவத்தை நானும் பாதுகாக்க விரும்பவில்லை.

பெரேயாவாசி:

சரி. இன்னொரு கேள்வி, இதையும் மனவலியோடுதான் கேட்கிறேன். 2020 ஆகஸ்டில் உங்கள் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் ஒரு தீர்ப்பு வெளியிட்டது. "நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்பதற்குப் பதில் "நாங்கள்" என்று சொல்லியிருந்தால் அது செல்லாது என்று. அதன் பிறகு அமெரிக்காவில் குருவாகப் பணிசெய்துகொண்டிருந்த ஒருவர், குழந்தையாக இருந்தபோது தனக்கு நடந்த சடங்கின் வீடியோவைப் பார்த்து, தான் ஞானஸ்நானமே பெறவில்லை, ஆகவே குருவும் இல்லை என்று கண்டுகொண்டார். ஒரே ஒரு சொல்லுக்காக! இவ்வளவு நொய்ந்த நூலிலா தேவன் ஆத்துமாக்களைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்?

பாதிவழி:

அந்தச் செய்தி எனக்கும் அதிர்ச்சிதான். அவருக்குத் திருமுழுக்கும் உறுதிபூசுதலும் மறுபடி குருப்பட்டமும் கொடுத்தார்கள்.

ஆனால் அந்தத் தீர்ப்பு யாரைக் கட்டுப்படுத்துகிறது என்று பாருங்கள். விசுவாசியை இல்லை, குருவையும் திருத்தொண்டரையும். வார்த்தையை உன் விருப்பப்படி மாற்ற உனக்கு உரிமை இல்லை, இது உன் சொத்து இல்லை என்கிறது. "நான்" என்ற சொல்லைப் பேசுபவர் கிறிஸ்து. "நாங்கள்" என்று மாற்றினால் அங்கே கூடியிருப்பவர்கள் கொடுப்பதாக ஆகிவிடுகிறது. அப்புறம், நூல் அறுந்தால் கடவுள் கைவிடுவார் என்றும் யாரும் சொல்லவில்லை. கடவுள் மீட்பைத் திருமுழுக்கோடு பிணைத்திருக்கிறார், ஆனால் தாமே அருளடையாளங்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்கிறது மறைக்கல்வி ஏடு (எண் 1257).

கரைதேடியின் "சாவி" என்ற சொல்லுக்கும் இதில் பதில் இருக்கிறது. குருவால் தன் பாவத்தைத் தானே மன்னித்துக்கொள்ள முடியாது. ஹவாயின் மொலோக்காய்த் தீவில் தொழுநோயாளர்களோடு 1873 முதல் வாழ்ந்து அந்த நோயாலேயே 1889-ல் இறந்த தமியான் அடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் அந்தக் குடியிருப்பில் அவர் ஒருவர்தான் குரு. ஒருமுறை அவருடைய சபைத் தலைவர் கப்பலில் வந்தபோது, தொற்றுப் பயத்தால் தமியானைக் கப்பலில் ஏற விடவில்லை. படகில் நின்றபடியே, மேலே இருந்தவரைப் பார்த்து, சுற்றி நின்றவர்கள் காதுபடத் தன் பாவங்களைச் சத்தமாகச் சொல்லி மன்னிப்புப் பெற்றார். எத்தனையோ பேருக்குப் பாவமன்னிப்புக் கொடுத்த கை அது. அவருக்கு ஒரு துளி எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பெரேயாவாசி:

தமியானைப் பற்றி நானும் படித்திருக்கிறேன். அவர் தேவ மனுஷன். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் ஜப்பானை நினையுங்கள். 1614-ல் மிஷனரிகளை வெளியேற்றும் ஆணை வந்தது. ஒளிந்திருந்த கடைசிக் குருவும் 1644-ல் கொல்லப்பட்டார். 1865 மார்ச் 17-ல் நாகசாகியின் ஓவுரா ஆலயத்தில் பெத்திஜான் என்ற பிரெஞ்சுக் குருவிடம் ஒரு கூட்டம் வந்து, எங்கள் இருதயமும் உங்கள் இருதயமும் ஒன்றுதான் என்று மெதுவாகச் சொன்னது. நடுவில் இருநூறு வருடத்துக்கு மேல். குரு இல்லை, பூசை இல்லை. ஞானஸ்நானமும் ஜெபமும் மட்டும். விசுவாசம் செத்துவிட்டதா? இல்லையே! அப்படியானால் குரு விசுவாசத்துக்கு அத்தியாவசியம் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

எண்ணெய்விளக்கு:

ஜப்பானைச் சொன்னதற்கு நன்றி. எனக்கு மிகவும் நெருக்கமான வரலாறு அது.

அந்த இருநூறு வருடம் அவர்கள் எதைக் காத்துக்கொண்டிருந்தார்கள்? பஸ்தியான் என்ற வேதியர் (மறைக்கல்வி போதித்தவர்) சொன்னதாக வழிவழியாக ஒரு வாக்கு அவர்களிடம் இருந்தது: ஏழு தலைமுறைக்குப் பிறகு பெரிய கறுப்புக் கப்பலில் பாவசங்கீர்த்தனம் கேட்பவர்கள் வருவார்கள், வாரந்தோறும் பாவத்தை அறிக்கையிடலாம் என்று. அரசனையோ படையையோ அவர்கள் எதிர்பார்க்கவில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்பவர்களை எதிர்பார்த்தார்கள். குரு இல்லாத இடத்தில் முழு மனத்துயர் படுவது எப்படி என்று சொல்லும் சிறுநூல் ஒன்று 1603-ல் ஜப்பானிய மொழியில் வந்தது. அதையும் கைப்படி எடுத்து வைத்திருந்தார்கள். கரைதேடி இரவில் செய்வதும் ஏறக்குறைய அதுதான். குரு இல்லாமல் கடவுள் அவர்களைத் தாங்கினார் என்பதில் நமக்குள் வேறுபாடு இல்லை. இது போதும் என்று அவர்கள் நினைத்தார்களா என்பதுதான் கேள்வி.

கொரியாவையும் பாருங்கள். அங்கே திருச்சபையைத் தொடங்கியது பொதுநிலையினர். யி சுங்-ஹுன் 1784-ல் பெய்ஜிங்கில் திருமுழுக்குப் பெற்றுத் திரும்பி வந்து மற்றவர்களுக்கும் கொடுத்தார். நாளடைவில் தங்களுக்குள்ளேயே சிலரைக் குருக்களாக வைத்துப் பூசையும் பாவசங்கீர்த்தனமும் நடத்தினார்கள். வஞ்சகம் ஏதும் இல்லை, தெரியாமல் செய்தது. அப்புறம் புத்தகங்களைப் படித்தபோது சந்தேகம் வந்தது. பெய்ஜிங் ஆயருக்கு எழுதிக் கேட்டார்கள். செல்லாது என்று பதில் வந்தது. விட்டுவிட்டார்கள். குரு வேண்டும் என்று எல்லை தாண்டி ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். 1794-ன் கடைசியில் சூ வென்மோ என்ற சீனக் குரு பனியில் ஆற்றைக் கடந்து உள்ளே வந்தார். 1801-ல் கொல்லப்பட்டார். தங்கள் கையிலேயே இருந்த ஒன்றை, இது எங்களுடையது இல்லை என்று கீழே வைத்தார்களே, அதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பெரேயாவாசி:

எனக்கும் அடைக்கிறது, ஆனால் வேறு காரணத்துக்காக. மனப்பூர்வமாக அப்பம் பிட்டுக்கொண்டிருந்த ஒரு சபையை, நிறுத்து என்று ஒரு கடிதம் நிறுத்திவிட்டது. இன்னொன்றையும் விட்டுவிட்டீர்கள். ஜப்பானில் எல்லாரும் திரும்பி வரவில்லை. ஒரு பகுதியினர் 1865-க்குப் பிறகும் குருக்களோடு சேராமல், முன்னோர் காட்டிய வழியிலேயே தங்கள் தலைவர்களோடு தொடர்ந்தார்கள்.

எண்ணெய்விளக்கு:

தொடர்ந்தார்கள். அதை மறைக்க மாட்டேன்.

தெற்குஜன்னல்:

இப்போது நம் பக்கத்தைப் பார்த்துக் கேட்கிறேன். எண்ணெய்விளக்கு அண்ணன் கோபிக்க வேண்டாம்.

குரு இல்லாமல் நற்கருணை இல்லை, நற்கருணை இல்லாமல் திருச்சபை இல்லை என்கிறோம். உலகத்தில் கத்தோலிக்கர் ஏறக்குறைய 140 கோடி. குருக்கள் நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். சராசரி பார்த்தாலே ஒருவருக்கு மூவாயிரத்து ஐநூறு பேர் வரை வருகிறது. அமேசான் காடுகளில் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் பூசை காணும் சமூகங்கள் இருக்கின்றன. 2019 அக்டோபரில் அவர்களுக்காக ரோமையில் கூடிய ஆயர் மன்றத்தில், சமூகம் மதிக்கும், மணமான திருத்தொண்டர்களைக் குருக்களாக்க வழி வேண்டும் என்று மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்களித்தார்கள். அடுத்த பிப்ரவரியில் வந்த திருத்தந்தையின் ஏட்டில் அதற்கு அனுமதி இல்லை.

மணத்துறவு விசுவாசக் கோட்பாடு இல்லை, ஒழுங்குமுறை. 1139-ல் இரண்டாம் லாத்தரன் சங்கம் இலத்தீன் திருச்சபையில் அதைத் திட்டமாக்கியது. கீழைக் கத்தோலிக்கத் திருச்சபைகள் பலவற்றில் மணமானவர்கள் குருக்களாக இருக்கிறார்கள். ஆங்கிலிக்கன் சபையிலிருந்து வந்த மணமான போதகர்களுக்கும் பட்டம் கொடுத்திருக்கிறோம். குரு அவ்வளவு முக்கியம் என்று சொல்லும் நாமே, குரு வரும் வழியை ஏன் இவ்வளவு ஒடுக்கமாக வைத்திருக்கிறோம்? அந்த மூதாட்டி காத்திருந்த ஒன்பது நாளுக்கு யார் பொறுப்பு?

எண்ணெய்விளக்கு:

கோபமில்லை தங்கச்சி. மணத்துறவு பெரிய கொடை என்று நம்புகிறேன். தனக்கென்று ஒரு வீடு இல்லாதவர் எல்லார் வீட்டுக்கும் உரியவர் ஆகிறார். ஆனால் படுக்கையில் கிடப்பவருக்கு அந்த விளக்கத்தைச் சொல்லி என்ன பயன்? நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. கணக்கு வேலையையும் கட்டட வேலையையும் பொதுநிலையினர் கையில் கொடுத்துவிட்டுக் குருவை நோயாளியின் கட்டிலுக்கு அனுப்பலாம். இதற்கு ரோமையின் அனுமதிகூட வேண்டாம். நாளைக்கே தொடங்கலாம்.

கரைதேடி:

எல்லாரும் எழுதியதைப் படித்தேன். பெரேயாவாசி அண்ணன் சொன்ன "உட்கார்ந்தார்" என்ற சொல் மனதில் நிற்கிறது. தமியான் படகில் நின்றதும் நிற்கிறது. முடிவுக்கு வந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஒரு நடைமுறைக் கேள்வி மட்டும். ஒருவேளை போனால், அதே பங்கில்தான் போக வேண்டுமா? என் முகம் தெரியாமல் சொல்ல முடியுமா? நான் சொன்னதை வைத்து அவர் பின்னால் ஏதாவது செய்ய முடியுமா?

பாதிவழி:

அதே பங்கில் போக வேண்டிய கட்டாயம் இல்லை. அனுமதி பெற்ற எந்தக் குருவிடமும், வேறு வழிபாட்டு முறையைச் சேர்ந்தவரிடமும்கூடப் போகலாம். திருச்சபைச் சட்டம் 991 உங்களுக்குத் தரும் உரிமை அது. கம்பித்தடுப்பு உள்ள பாவசங்கீர்த்தனத் தொட்டி ஆலயத்தில் திறந்த இடத்தில் எப்போதும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம் 964. அதன் பின்னால் முழங்கால் போட்டால் முகம் தெரியாது, பெயரும் சொல்ல வேண்டாம்.

சொன்னதை வெளியே விடக்கூடாது என்பது மட்டும் இல்லை. அதைத் தெரிந்துகொண்டதால் உங்களுக்குப் பாதகமாக எதையுமே செய்யக் கூடாது என்கிறது சட்டம் 984. நேரடியாக இரகசியத்தை உடைக்கும் குரு, தீர்ப்பு எதுவும் தேவையில்லாமல் அந்தக் கணமே சபைவிலக்குக்கு உள்ளாவார். அதை நீக்கும் அதிகாரம் ரோமைக்கு மட்டுமே.

சட்டம் 979-ஐயும் சொல்லிவிடுகிறேன், பத்தொன்பது வயதில் உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கேள்வி கேட்கும்போது குரு விவேகத்தோடும் நிதானத்தோடும், எதிரில் இருப்பவரின் நிலையையும் வயதையும் மனதில் வைத்தும் நடந்துகொள்ள வேண்டும். அன்று குரலை உயர்த்தியவர் அதை மீறினார். தவறு உங்களுடையது இல்லை.

பெரேயாவாசி:

தம்பி, நீங்கள் போகத் தேவையில்லை என்றுதான் இன்னமும் நம்புகிறேன். இன்றிரவு உங்களுக்காக ஜெபிப்பேன். போனாலும் ஜெபிப்பேன்.

கரைதேடி:

நன்றி. அன்று வரிசையில் நின்ற அம்மாவிடம் இந்தப் பதினோரு வருடத்தில் ஒருநாளும் இதைப் பற்றி நான் பேசியதில்லை. அவரும் கேட்டதில்லை. முதலில் அவரிடம் பேசப்போகிறேன்.